சிறுநீரில் சிவப்பு நீலமானால் மனச்சோர்வா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் அறிவியல் பக்கத்தில் மனநிலையைக் காட்டும் தங்கம் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. தங்க நானோ துகள்கள் கலந்த திரவத்தில் டோபமைன் என்ற மூளை ரசாயனம் பட்டால் சிவப்பு நீலமாக மாறும், இனிமேல் வீட்டிலேயே ஒரு சொட்டுச் சிறுநீரை வைத்து மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். இதில் முதல் பாதி உண்மை, அழகான உண்மை. இரண்டாவது பாதி எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன். கட்டுரை வந்த மறுநாள் ஒரு மாணவனின் அம்மா போன் செய்து, "சார், பையன் எதுலயும் ஒட்டாம இருக்கான், இந்த டெஸ்ட் நம்ம ஊர்ல எங்க எடுப்பாங்க?" என்று கேட்டார். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இடம் இல்லாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், சிறுநீர் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவையுங்கள்.

முதலில் அந்த நிறம். தங்கம் என்றால் மஞ்சள் என்றுதான் நமக்குப் பழக்கம், ஆனால் அதைப் பத்துப் பதினைந்து நானோமீட்டர் அளவுக்குப் பொடித்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால் நல்ல மாதுளம்பழச் சாறு நிறம் வந்துவிடும். இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே, 1857இல். மின்சாரத்துக்காக நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிற அதே ஃபாரடே. சிவப்புக்குக் காரணம் மிக நுண்ணிய தங்கத் துகள்கள்தான் என்று எந்த எலெக்ட்ரான் நுண்ணோக்கியும் இல்லாத காலத்திலேயே சொல்லிவிட்டார். அவர் கையால் தயாரித்த தங்கக் கரைசல் குப்பிகள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் இருக்கின்றன.

எங்கள் ஆய்வகத்தில் முதுகலை மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டுவதுண்டு. 1951இல் டர்கெவிச் என்பவர் ஒழுங்குபடுத்திய முறை, இன்றைக்கும் உலகம் முழுக்க அதுதான். கண்ணாடிக் குடுவையை முதலில் ராஜதிராவகத்தில் கழுவ வேண்டும், போன தடவை ஒட்டிய தங்கம் ஒரு துணுக்கு இருந்தாலும் வேலை கெட்டுவிடும். அப்புறம் தங்கக் குளோரைடை வாலை வடிநீரில் கரைத்துக் கொதிக்கவைக்க வேண்டும், லேசான மஞ்சளாக இருக்கும். கொதிக்கும்போது சோடியம் சிட்ரேட் கரைசலை ஒரே வீச்சில் ஊற்றினால் மஞ்சள் போய்த் தண்ணீர் போலத் தெளிந்துவிடும். பின்பெஞ்சில் நிற்கிற பையன்கள் "போச்சு சார்" என்பார்கள். கொஞ்ச நேரத்தில் சாம்பல் தட்டும், மை கலந்தது போலக் கருநீலமாகும், அதற்குப் பிறகு ஊதா, கடைசியில் சில நிமிடங்களில் பளிச்சென்று சிவப்பு வந்து நின்றுவிடும். எத்தனை வருடம் செய்தாலும் அந்தக் கடைசித் திருப்பத்தில் வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிடும். (தங்கக் குளோரைடு ஒரு கிராம் குப்பியின் விலையைக் கேட்டால் எங்கள் முதல்வரும் அமைதியாகிவிடுவார், அது வேறு விஷயம்.)

நிறத்துக்குக் காரணம் தங்கத்துக்குள் கட்டில்லாமல் திரியும் எலெக்ட்ரான்கள். வெளிச்சம் பட்டதும் அவை துகளுக்குள் ஒட்டுமொத்தமாக இங்கும் அங்கும் அலைகின்றன. இந்த அளவுத் துகளில் அந்த அலைச்சல் 520 நானோமீட்டர் பக்கம் உள்ள பச்சை ஒளியோடு ஒத்துப்போகிறது. பச்சை விழுங்கப்பட்டால் நம் கண்ணுக்கு மிச்சம் வருவது சிவப்பு. இதை பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்பார்கள், குஸ்டாவ் மீ 1908இல் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு துகள் விழுங்குகிற ஒளி, சாதாரணச் சாய மூலக்கூறு விழுங்குவதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கினால் அவற்றின் எலெக்ட்ரான்கள் பக்கத்துத் துகளோடு சேர்ந்து ஆட ஆரம்பிக்கும், விழுங்கப்படும் ஒளி 600, 700 நானோமீட்டர் பக்கம் நகரும், அதாவது சிவப்புப் பகுதி போய்விடும், திரவம் நீலமாகத் தெரியும். வெள்ளித் துகள் என்றால் மஞ்சளில் தொடங்கிப் பழுப்புக்குப் போகும். அவ்வளவுதான் விஷயம், தனியாக இருந்தால் சிவப்பு, கூட்டம் சேர்ந்தால் நீலம்.

துகள்களைத் தனித்தனியாக வைத்திருப்பது அவற்றின்மேல் ஒட்டியிருக்கும் சிட்ரேட்டின் எதிர் மின்னூட்டம். அந்த மின்னூட்டத்தைக் கலைக்கிற எதைப் போட்டாலும், பாலில் எலுமிச்சை பிழிந்தது மாதிரி, எல்லாம் திரண்டுவிடும். ஒரு சிட்டிகை சமையல் உப்பு போதும். நல்ல சிவப்புத் திரவம் கண்ணெதிரே நீலமாகி, கொஞ்ச நேரத்தில் அடியில் கருப்பாகப் படிந்துவிடும். இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

1996, 97 வாக்கில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கின் குழு தங்கத் துகள்களில் டிஎன்ஏ இழைகளைக் கட்டி, தேடுகிற டிஎன்ஏ வந்தால் மட்டும் துகள்கள் கூடி நிறம் மாறும்படி செய்து காட்டியது. அதற்குப் பிறகு இந்தத் துறை காட்டுத்தீ மாதிரிப் பரவியது. மூளை ரசாயனங்களும் அந்த வரிசையில் வந்தவைதான். ஜெருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் இதமார் வில்னர் குழு 2005இல் வேறு வழியில் போனது. டோபமைன், அட்ரினலின், நார்அட்ரினலின் இவையெல்லாம் எலெக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கக்கூடியவை, தங்க உப்பிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுத்துத் துகளாக வளர்க்கும். எவ்வளவு டோபமைனோ அவ்வளவு நிறம். 2011இல் சீன ஆய்வாளர்கள் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தார்கள். டோபமைனின் ஒரு முனையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி), கேட்டகால் என்பார்கள். மறுமுனையில் ஓர் அமீன், அதாவது நைட்ரஜன் உள்ள தொகுதி. கேட்டகாலைப் பிடிக்கிற போரானிக் அமிலக் கொக்கி ஒன்று, அமீனைப் பிடிக்கிற கொக்கி இன்னொன்று, இரண்டையும் தங்கத் துகளின்மேல் நட்டுவைத்தார்கள். இரண்டு முனையும் சரியாக உள்ள மூலக்கூறுதான் இரண்டு துகளுக்கு நடுவே பாலம் போட முடியும். வைட்டமின் சி வந்தாலும் பாலம் போட முடியாது, ஏனென்றால் அதற்கு அமீன் கிடையாது. இதைப் படித்தபோது யோசனையின் சுத்தத்தை ரசித்தேன், இப்போதும் வகுப்பில் இதைத்தான் உதாரணமாகச் சொல்கிறேன்.

சரி, இவ்வளவு நன்றாக இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்பீர்கள்.

சோதனைக்குழாயில் வாலை வடிநீரும் டோபமைனும் மட்டும் இருக்கும்போது எல்லாம் நன்றாகத்தான் நடக்கும். உடம்பிலிருந்து எடுக்கிற எந்தத் திரவமும் அப்படி இருக்காது. ரத்தத்தின் பிளாஸ்மாவில் தனித்திருக்கும் டோபமைன் ஒரு நானோமோலாருக்கும் கீழே. அதே பிளாஸ்மாவில் யூரிக் அமிலம் 200 முதல் 400 மைக்ரோமோலார் (ஒரு மைக்ரோமோலார் என்பது ஆயிரம் நானோமோலார்), வைட்டமின் சி ஏறக்குறைய 50 மைக்ரோமோலார். அதாவது ஒரு டோபமைன் மூலக்கூறுக்கு லட்சக்கணக்கில் யூரிக் அமில மூலக்கூறுகள். சிறுநீரில் டோபமைன் அதிகம், மைக்ரோமோலார் அளவுக்கு இருக்கும், ஆனால் அங்கே யூரிக் அமிலம் அந்த டோபமைனைப் போல ஆயிரம் மடங்கு. வைட்டமின் சி தானும் எலெக்ட்ரானைக் கொடுத்துத் தங்கத்தைத் துகளாக்கும், காலையில் ஒரு நெல்லிக்காய் தின்றவருக்கு வில்னர் முறையில் என்ன நிறம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். கந்தகம் உள்ள சிஸ்டீன், குளூட்டத்தியோன் போன்றவை டோபமைனைவிட வேகமாகத் தங்கத்தில் போய் ஒட்டும். ரத்தத்தில் உள்ள புரதங்கள் துகளைப் போர்வை போர்த்திவிடும், அப்புறம் எது வந்தாலும் நிறம் மாறாது. இது எல்லாவற்றுக்கும் மேலே உப்பு. சற்றுமுன் ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, அந்த உப்பு ரத்தத்திலும் இருக்கிறது, சிறுநீரில் ஏராளமாக இருக்கிறது. முதல் நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டவரின் சிறுநீரில் தங்கம் நீலமானால் அது டோபமைனா, கருவாடா?

ஆய்வாளர்களுக்கு இது தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். அதனால்தான் மாதிரியை நூறு மடங்கு நீர்த்துப்போகச் செய்வார்கள். நீர்க்கவைத்தால் உப்பும் யூரிக் அமிலமும் குறையும், கூடவே டோபமைனும் காணாமல் போகும். அதனால் தெரிந்த அளவு டோபமைனை அவர்களே ஊற்றுவார்கள், ஊற்றியது திரும்பக் கிடைத்ததா என்று பார்ப்பார்கள், 98 சதவீதம் கிடைத்தது என்று அட்டவணை போடுவார்கள். பல கட்டுரைகளில் "சிறுநீர் மாதிரியில் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் இருப்பது இதுதான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஒரு முறையைச் சரிபார்க்க அது ஒரு கட்டம். ஆனால் அந்த வரியைப் படித்துவிட்டு நோயாளிகளிடம் சோதித்துவிட்டார்கள் என்று செய்தி எழுதினால் தவறு எழுதினவருடையது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டோபமைனைப் பிடிப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த டிஎன்ஏ துண்டுகளை, ஆப்டமர் என்பார்கள், தங்கத்தோடு சேர்த்துச் செய்கிற முறை ரொம்பப் பிரபலம். ஆப்டமர் தங்கத்தை உப்பிலிருந்து காப்பாற்றும், டோபமைன் வந்தால் ஆப்டமர் அதைப் பிடிக்கப் போய்விடும், காவல் போனதும் தங்கம் திரண்டு நீலமாகும் என்பது கதை. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஜுவென் லியூ குழு இதைக் குடைந்து பார்த்து 2020இல் ஒரு கட்டுரை போட்டது. நிறம் மாறுவதில் பெரும்பங்கு ஆப்டமருக்கு இல்லை, டோபமைன் தானாகவே தங்கத்தின்மேல் போய் ஒட்டிக்கொள்வதுதான் காரணம் என்று காட்டினார்கள். மெலமைனுக்கும் அதே கதைதான் என்றார்கள், சீனாவில் 2008இல் குழந்தைகள் பாலில் கலந்த அந்த மெலமைன். அப்படியென்றால் தங்கத்தில் ஒட்டக்கூடிய வேறு எது வந்தாலும் நீலமாகலாம். இந்த மாதிரி, தன் துறையின் நம்பிக்கையைத் தானே தட்டிப் பார்க்கிற கட்டுரைகள் உங்கள் அறிவியல் பக்கத்தில் ஏன் வருவதே இல்லை?

இப்போது சிறுநீர். இது வேதியியலைவிட முக்கியம். தங்கம் அப்பழுக்கில்லாமல் வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம், சிறுநீரில் உள்ள டோபமைனை ஒரு மூலக்கூறு விடாமல் எண்ணிவிடுகிறது. அப்போதும் அது உங்கள் மனநிலையைப் பற்றி எதுவும் சொல்லாது. ஏனென்றால் அந்த டோபமைன் மூளையிலிருந்து வந்தது இல்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை டோபமைன் தாண்டாது, அந்தப் பக்கமிருந்தும் வராது, இந்தப் பக்கமிருந்தும் போகாது. கைகால் நடுங்கி உடம்பு விறைத்துப்போகிற பார்க்கின்சன் நோயாளிக்கு டோபமைனை ஊசி போடாமல் அதன் முந்தைய வடிவமான எல்-டோபாவை மாத்திரையாகக் கொடுப்பது இதனால்தான், எல்-டோபா தடுப்பைத் தாண்டும். சிறுநீரில் வருகிற டோபமைனில் பெரும்பகுதி சிறுநீரகமே தயாரித்தது. ரத்தத்தில் வரும் எல்-டோபாவைச் சிறுநீரகச் செல்கள் பிடித்து டோபமைனாக்கி, உப்பை வெளியேற்றும் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. செரட்டோனின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். உடம்பின் செரட்டோனினில் 90 சதவீதத்துக்கும் மேல் குடலில் உண்டாவது, ரத்தத்தில் தட்டணுக்கள் அதைச் சுமந்துகொண்டு திரிகின்றன. ரத்த செரட்டோனினைப் பார்த்து மனதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

இதையும் தாண்டி, டோபமைன் குறைந்தால் சோர்வு, செரட்டோனின் குறைந்தால் துக்கம் என்று ஒரு ரசாயனத்துக்கு ஒரு உணர்ச்சி வீதம் பிரித்துக் கொடுக்கிற பேச்சே ஆட்டம் கண்டிருக்கிறது. மனச்சோர்வுக்குச் செரட்டோனின் குறைவு காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022இல் ஜோவானா மான்கிரீஃப் குழு பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எழுதியபோது பெரிய வாக்குவாதமே நடந்தது. அதற்காக மருந்தே வேலை செய்யாது என்று யாரும் கிளம்ப வேண்டாம், மருந்து வேலை செய்வது வேறு, அது ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கம் வேறு. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. மனச்சோர்வை இன்றைக்கும் மனநல மருத்துவர் உட்கார்ந்து பேசித்தான் கண்டுபிடிக்கிறார். தூக்கம், பசி, ஆர்வம், சாவைப் பற்றிய எண்ணம், எத்தனை வாரமாக என்று கேட்டுத்தான். தைராய்டு, வைட்டமின் பி12 போன்ற ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் அது வேறு காரணங்களை விலக்குவதற்காக.

எங்கள் ஊரில் ஒரு பரிசோதனைக் கூடம், பெயர் வேண்டாம், வாசலிலேயே "ஹேப்பி ஹார்மோன் பேக்கேஜ்" என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். டோபமைன், செரட்டோனின், கார்ட்டிசால் மூன்றும் சேர்த்து, கூடவே பெண்களுக்குத் தள்ளுபடி. ரிப்போர்ட்டில் குறைவு என்று சிவப்பு மையில் வந்தால் பக்கத்திலேயே சத்து மாத்திரை. உங்கள் கட்டுரையை அவர்கள் லேமினேட் செய்து மாட்டினாலும் ஆச்சரியப்பட மாட்டேன். இதைக் கேட்டால் "பேப்பர்லயே போட்டிருக்காங்களே சார்" என்பார்கள், நான் என்ன பதில் சொல்வது?

நிறம் ஒரு மூளை நோயைக் காட்டிக்கொடுத்த வரலாறு உண்மையிலேயே ஒன்று உண்டு, அதையாவது எழுதியிருக்கலாம். 1950களில் சுவீடனின் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். ரெசர்பின் நம் நாட்டுச் சர்ப்பகந்தியின் வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்துக்காரர்கள் பிரித்தெடுத்த மருந்து, ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முயல்கள் அசையாமல் துவண்டு கிடந்தன. எல்-டோபா ஊசி போட்டதும் எழுந்து நடந்தன. டோபமைன் சும்மா ஓர் இடைப்பொருள் இல்லை, மூளையில் அதற்கென்று வேலை இருக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது, 2000இல் நோபல் பரிசு வந்தது. இதைப் படித்த வியன்னாவின் ஓலே ஹார்னிகீவிச், பார்க்கின்சன் நோயில் இறந்தவர்களின் மூளைகளைத் தேடிச் சேகரித்தார். எரிங்கர் என்ற சகாவோடு சேர்ந்து, மூளையின் ஸ்ட்ரையேட்டம் பகுதியைச் சாறெடுத்து, அயோடின் சேர்க்கிற ஒரு பழைய நிறச் சோதனையைச் செய்தார். டோபமைன் இருந்தால் இளஞ்சிவப்பு. அந்த நோய் இல்லாமல் இறந்தவர்களின் மூளைச் சாறு இளஞ்சிவப்பானது, பார்க்கின்சன் நோயாளிகளின் சாறு நிறமே ஏறாமல் நின்றது. கருவியில் வைத்து அளப்பதற்கு முன்பே வெறும் கண்ணால் பார்த்துவிட்டேன் என்று பின்னாளில் எழுதினார். ஆய்வு வெளிவந்தது 1960. அடுத்த வருடமே பிர்க்மாயர் என்ற மருத்துவரோடு சேர்ந்து நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி போட்டார்கள், படுக்கையிலிருந்து எழ முடியாதவர்கள் எழுந்து நடந்தார்கள்.

நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது, அதிகம் பேர் சொல்வதில்லை. எல்-டோபா பூனைக்காலி விதையில் இருக்கிறது என்று பிரித்தெடுத்துக் காட்டிய கட்டுரை 1937இல் வந்தது, எழுதியவர்கள் சென்னையைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும். அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்று அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது. (உடனே பூனைக்காலிப் பொடியைத் தேடிப் போகாதீர்கள். விதைக்கு விதை அளவு மாறும், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வினையாகிவிடும். தங்கபஸ்பத்தையும் நானோ தங்கத்தையும் முடிச்சுப்போட்டு வருகிற வாட்ஸ்அப் செய்திகளுக்கும் இதுவே பதில்.)

ஹார்னிகீவிச் பார்த்தது இறந்தவர்களின் மூளைத் திசுவை, நேராக அந்த இடத்திலேயே. அங்கே டோபமைன் இல்லை என்றால் இல்லைதான். சிறுநீர்க் குப்பியில் அந்த நேர்மை வராது. உயிரோடு உள்ள மூளையில் டோபமைனைப் பார்க்க ஆய்வகங்கள் விலங்குகளில் வேறு வழிகளைத்தான் நம்புகின்றன. முடியைவிட மெல்லிய கரி இழையை உள்ளே இறக்கி நொடிக்குப் பத்துத் தடவை மின்னழுத்தம் மாற்றி அளக்கிறார்கள், 2018க்குப் பிறகு டோபமைன் பட்டால் ஒளிரும் புரதங்களைச் செல்லுக்குள்ளேயே செய்யவைக்கிறார்கள். இப்படி மின்சாரத்தை வைத்து அளக்கிற மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, உங்கள் நிருபர் ஒரு நாள் போய் அங்கே யாரிடமாவது பேசினால் நாலு கட்டுரைக்கு விஷயம் கிடைக்கும்.

அப்படியானால் தங்கத்தால் பயனே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். வீட்டில் கர்ப்பம் பார்க்கிற பட்டையில் வரும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்க நானோ துகள்தான், கோவிட் சமயத்தில் பார்த்த கோடும் அதுவே. அங்கே ஹார்மோனை அடையாளம் காண்கிற வேலையை எதிர்ப்புரதம் செய்கிறது, தங்கம் நிறத்தை மட்டும் தருகிறது. அதோடு கர்ப்ப ஹார்மோன் சிறுநீரில் வந்தால் அதற்கு அர்த்தம் இருக்கிறது. டோபமைன் குடும்பத்தையே எடுத்துக்கொண்டால், அட்ரினல் சுரப்பியில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டிக்கு 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அட்ரினலினின் சிதைபொருட்களை அளப்பார்கள். அது மனநிலைக்கு இல்லை, கட்டிக்கு. அதையும் நிறத்தைப் பார்த்துச் சொல்வதில்லை, பெரிய கருவியில் பிரித்து அளக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் இந்த நிறமாற்றம் நம் கிராமங்களுக்கு உதவக்கூடிய இடம் அசிட்டைல்கோலின். அதுவும் மூளை ரசாயனம்தான், நரம்பு தசையை அசைக்கச் சொல்வதும் அதை வைத்துத்தான். வேலை முடிந்ததும் அதை உடைக்க கோலினெஸ்டரேஸ் என்ற என்சைம் இருக்கிறது. மானோகுரோட்டோபாஸ் மாதிரியான பாஸ்பரஸ் பூச்சிமருந்துகள் இந்த என்சைமைத்தான் முடக்குகின்றன. முடங்கினால் அசிட்டைல்கோலின் தேங்கி, எச்சிலும் வியர்வையும் ஒழுகும், கண்மணி ஊசிமுனையாகும், மூச்சு நின்றுபோகும். 2013இல் பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் செத்தது இந்த விஷத்தால். இந்த என்சைமை அளக்க, அசிட்டைல்கோலினுக்குக் கந்தகம் சேர்த்த நகல் ஒன்றைக் கொடுப்பார்கள். என்சைம் அதை உடைத்தால் தயோகோலின் வரும், கந்தகமும் நேர் மின்னூட்டமும் உள்ளது, தங்கத்தில் பாய்ந்து ஒட்டி மின்னூட்டத்தைக் கலைத்து நீலமாக்கிவிடும். என்சைம் முடங்கியிருந்தால் தயோகோலின் வராது, தங்கம் சிவப்பாகவே இருக்கும். இதே தயோகோலினை எல்மன் என்பவர் 1961இல் வேறு ஒரு ரசாயனத்தோடு சேர்த்து மஞ்சளாக்கிக் காட்டினார், பல இடங்களில் இன்றும் அந்த வழிதான், கருவி வேண்டும். இங்கேயும் ரத்தத்தில் உள்ள புரதமும் மற்ற கந்தகப் பொருட்களும் தொல்லை கொடுக்கும்தான், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம், அளக்கிற பொருளுக்கும் நோய்க்கும் நேர்த் தொடர்பு இருக்கிறது.

பூச்சிமருந்து குடித்துவிட்டு வருகிறவருக்கு டாக்டர் சோதனைக்காகக் காத்திருக்க மாட்டார், அறிகுறியைப் பார்த்தே அட்ரோபின் என்ற முறிவு மருந்தைப் போடுவார், அதுதான் சரி. நான் சொல்வது தினமும் முதுகில் ஸ்பிரேயரைக் கட்டிக்கொண்டு பருத்திக்கும் கத்தரிக்கும் மருந்தடிக்கிற கூலியாளை. அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக என்சைம் குறைந்துகொண்டே போகும், தலைவலி, கிறுகிறுப்பு என்று டீ குடித்துவிட்டு மறுபடி அடிக்கப் போவார். கலிபோர்னியாவில் இந்த மருந்துகளைக் கையாளும் தொழிலாளர்களுக்கு 1974இலிருந்தே என்சைமைக் கண்காணிக்கச் சட்டம் இருக்கிறது, சீசனுக்கு முன்னால் ஒரு அளவு, அப்புறம் அவ்வப்போது, குறைந்தால் வேலையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் விரல் நுனி ரத்தத்தில் பார்க்கும்படி நம்பகமான ஒரு குப்பி வந்தால் எவ்வளவோ உபயோகம். மனச்சோர்வுப் பட்டைக்கு முதலீடு தேடுகிறவர்கள் இதற்கு ஏன் தேடுவதில்லை என்றால், மருந்தடிக்கிறவரிடம் பேக்கேஜ் விற்க முடியாது, வேறென்ன.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த தடவை இப்படி ஒரு கண்டுபிடிப்புச் செய்தி வந்தால், சோதித்தது யாருடைய சிறுநீரை, அதில் டோபமைன் தானாக இருந்ததா அவர்கள் ஊற்றியதா, நோயாளி எத்தனை பேர், நோயில்லாதவர் எத்தனை பேர், வழக்கமான கருவியோடு ஒப்பிட்டார்களா என்று நிருபர் கேட்டுவிட்டு எழுதட்டும். கேட்டும் பதில் வராவிட்டால் அதையே எழுதட்டும். இந்தக் கட்டுரைக்குத் திருத்தம் போடும்போது, சிறுநீர் டோபமைனை வைத்து மனச்சோர்வைக் கண்டறிய முடியாது என்று ஒரே வரியில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், படிக்கிற அளவு எழுத்தில் போடுங்கள். கூடவே அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐயும் போட்டுவிடுங்கள், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. போன் செய்த அந்த அம்மாவுக்கு அந்த எண்ணையும், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் புறநோயாளிச் சீட்டு எங்கே வாங்க வேண்டும் என்பதையும் சொன்னேன். பையனைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
கல்லூரி வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல்.